வாங்கியவன் உடையவனா?

ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கியவன் அப்பொருளுக்கு உடையவனாகிறான் என்பது நாம் அனைவரும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கொள்கை. சந்தையும் நீதிமன்றமும் இக்கொள்கையின் மீதே நிற்கின்றன. சென்ற ஆண்டுவரை நானும் இதனை ஐயுற்றவன் அல்லன். ஆயிரம் ரூபாவுக்கும் குறைந்த விலையுள்ள ஒரு சிறு கருவி என்னை ஐயுறச் செய்தது. கணினியைப் பேசவைக்கும் ஒலி அட்டையே அக்கருவி. இத்துணை அற்பமான பொருளைப் பற்றிக்கொண்டு அறக்கேள்விக்கு ஏறுவது பொருத்தமாகுமா என்று வாசகர் கேட்கலாம். எம் போன்றோரிடம் பெரிய கேள்விகள் அற்பமான பொருள்களின் வடிவிலேதான் வந்து சேர்கின்றன என்பது என் விடை.

ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து இயந்திரப் படகில் சென்று சேரவேண்டிய சிறு தீவு எழுவைதீவு. பனையும் கடலும் அதன் செல்வம். கதிரொளி, காற்று, டீசல் ஆகிய மூன்றையும் இணைத்து மின்சாரம் வழங்கும் நிலையமொன்று இன்று அங்கு உண்டு. மின்சாரம் வந்த ஊருக்குக் கணினியும் வந்தது. நான் தமிழ் கற்பிக்கும் பாடசாலைக்கு நன்கொடையாளர் ஒருவர் பழைய கணினிகள் சிலவற்றை அனுப்பியிருந்தார். படகிலிருந்து அவற்றை இறக்கிய நாளில் மாணவர்கள் திருவிழாச் சுவாமியைச் சுமப்பவர்போல் சுமந்து வந்தார்கள். ஆயின், உப்புக்காற்றுக்குத் திருவிழாவும் தெரியாது, நன்கொடையும் தெரியாது. ஓராண்டு நிறைவதற்குள் ஒரு கணினியின் ஒலிப்பகுதி செயலற்றுப் போயிற்று. மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியிற் சென்றன.

பாட்டுக் கேட்பதற்கு மட்டுமே ஒலி தேவைப்பட்டிருந்தால் நான் இதனைப் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். பத்தாந்தரத்தில் ஒரு மாணவி இருக்கிறாள். அவளது பார்வை ஆண்டுக்காண்டு மங்கி வருகின்றது. கரும்பலகை எழுத்து அவளுக்குத் தெரிவதில்லை. பாடநூலைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தே வாசிப்பாள். அரைமணி நேரத்தில் கண்ணீர் வழியும். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு என்பதையும், அதற்குத் தமிழும் தெரியும் என்பதையும் நான் அறிந்திருந்தேன். எனவே, மற்றவர்க்குப் பொழுதுபோக்கான ஒலி அவளுக்குக் கண்ணாகும். கண்ணாகவேண்டிய பெட்டியோ வாய் திறக்கவில்லை.

நன்கொடையாக வந்த கணினிகளில் இருந்த இயங்குதளம் விலைக்குரியது. அதனை ஆக்கியோர் அதற்கான பராமரிப்பை நிறுத்திவிட்டனர். புதியதை வாங்கப் பணமும் இல்லை, அதனைத் தாங்கும் வலு அந்தப் பழைய பெட்டிகளுக்கும் இல்லை. ஆதலால் டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். பின்னர் யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் யூ.எஸ்.பி. துளையிற் செருகும் மலிவான ஒலி அட்டை ஒன்றை வாங்கச் சென்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். “மாஸ்டர், உது லினக்ஸில வேலை செய்யாது. கொண்டு போய்ப் போட்டுப் பாத்திட்டுத் திருப்பித் தர வராதேங்கோ” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கருவியோடு வந்த சிறு குறுந்தட்டும் அவர் சொன்னதையே சொல்லிற்று. வேறோர் இயங்குதளத்துக்கான மென்பொருள் மட்டுமே அதில் இருந்தது.

ஒலி அட்டை செய்யும் வேலையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். கணினிக்குள் ஒலி என்று ஒன்றில்லை. எண்கள் மட்டுமே உண்டு. குறுந்தட்டுத் தரத்திற் பதிவான ஒலியாயின் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள். இவ்வெண்களை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதே அட்டையின் தொழில். புள்ளிகளை இழையால் இணைத்துக் கோலமாக்குவதை இதற்கு ஒப்பிடலாம். ஆயின், எந்த அட்டைக்கு எந்த முறையில் எண்களைக் கொடுப்பது என்பதை இயங்குதளம் அறிந்திருக்க வேண்டும். அதற்காக இரண்டுக்கும் இடையே துபாசியாக நிற்கும் மென்பொருளைச் செலுத்தி என்பர். அட்டையின் மொழியை ஆக்கியோன் வெளியிட்டிருந்தால் எவரும் செலுத்தி எழுதலாம். மறைத்திருந்தால் அவன் தயவையே எதிர்பார்த்திருக்க வேண்டும்.

அட்டையைச் செருகினேன். ஒலி வரவில்லை. கடைக்காரர் சொன்னது சரிதான் என்று நானும் எண்ணினேன். எனினும், கணினியில் உள்ள ஒலிக்கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. புதிய அட்டை பட்டியலில் இருந்தது! எந்தக் குறுந்தட்டும் இன்றி, செருகிய கணத்திலேயே இயங்குதளம் அதனை அறிந்துகொண்டுவிட்டது. ஒலி மட்டும் உப்பில் இறந்த பழைய வழியிலேயே சென்றுகொண்டிருந்தது. முன்பின் அறியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்த குறிப்பொன்றின் துணைகொண்டு ஒலியைப் புதிய அட்டைக்குத் திருப்பினேன். அப்பொழுதும் அமைதி. அக்குறிப்பின் கடைசி வரி, அல்சாமிக்சர் என்னும் கருவியைத் திறந்து ஒலிமட்டத் தூண்களின் அடியைப் பார்க்கச் சொல்லிற்று. அங்கே ‘எம்’ என்ற எழுத்து இரட்டையாக நின்றது. வாய் பூட்டப்பட்டுள்ளது என்பது அதன் பொருள். விசைப்பலகையில் அதே எழுத்தை ஒருமுறை அழுத்தினேன். பூட்டுத் திறந்தது. பெட்டி பேசிற்று.

இரண்டு மாலைகள் செலவழித்து நான் கண்டுபிடித்தது ஓர் எழுத்தை அழுத்தவேண்டும் என்பதையே. இதை நினைந்து முதலிற் சிரித்தேன், பின்னர் சிந்திக்கலானேன். குறுந்தட்டு இன்றியே இயங்குதளம் அட்டையை அறிந்தது எவ்வாறு? யூ.எஸ்.பி. வழி இணையும் ஒலிக்கருவிகள் எம்மொழியில் உரையாட வேண்டும் என்பதற்குப் பொதுவான விதிநூலொன்று 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. எவரும் படிக்கலாம், எவரும் பின்பற்றலாம். அவ்விதியைப் பின்பற்றும் கருவிகள் அனைத்துக்கும் ஒரே செலுத்தி போதும். அச்செலுத்தி லினக்ஸின் உள்ளேயே உண்டு. மலிவான அட்டையைச் செய்பவனுக்குத் தனிமொழி வகுத்து அதற்கெனச் செலுத்திகள் எழுதிக்கொண்டிருக்க வசதியில்லை. பொதுமொழியே அவனுக்குச் சிக்கனம். ஆகவே ஏழையின் அட்டை பொதுமொழி பேசிற்று. எங்கள் தீவிலும் அது விளங்கிற்று.

விலையுயர்ந்த அட்டைகளின் கதை எப்பொழுதும் இவ்வாறு இருந்ததில்லை. சிங்கப்பூரில் 1981ஆம் ஆண்டு, கணினி பழுதுபார்க்கும் சிறு கடையாகத் தொடங்கிய நிறுவனம் கிரியேட்டிவ். 1989இல் அது வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வீட்டுக் கணினிகளுக்கு உலகெங்கும் குரல் கொடுத்தது. ஆசிய நாடொன்றின் உழைப்பும் திறமையும் பெற்ற வெற்றி அது என்பதில் நாமும் பெருமை கொள்ளலாம். ஆயின், அந்நிறுவனம் 2005இல் வெளியிட்ட உயர்தர அட்டைகள் லினக்ஸில் ஆண்டுக்கணக்காக ஒழுங்காய் இயங்கவில்லை. மற்றுமொரு நிகழ்ச்சியும் உண்டு. புதிய விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்துக்கு மாறியவர்கள், தாம் முன்னர் வாங்கிய அட்டைகளின் சில திறன்கள் அதில் இயங்காமை கண்டு வருந்தினர். பிரேசில் நாட்டவர் ஒருவர் நிறுவனத்தின் செலுத்திகளைத் தம் முயற்சியால் திருத்தி, இழந்த திறன்களை மீட்டு, பிறருக்கும் வழங்கினார். 2008 மார்ச் மாதத்தில் நிறுவனம் அவரைப் பகிரங்கமாக நிறுத்தச் சொல்லிற்று. அவர் செய்வது தன் உடைமையைக் களவாடுவதற்கு ஒப்பாகும் என்னும் கருத்தும் அவ்வறிக்கையில் இருந்தது. வாங்கியோர் கொதித்தெழுந்தனர், நிறுவனம் தன் நிலையைத் தளர்த்திக்கொண்டது. அதே ஆண்டு நவம்பரில், லினக்ஸுக்கான செலுத்தியின் மூலநிரலைப் பொது உரிமத்தின் கீழ் அதே நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டில் அதன்வழி வந்த செலுத்தி லினக்ஸின் உள்ளேயே இடம்பெற்றது.

ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதனை நினைவூட்டவில்லை. இந்நிகழ்ச்சி எழுப்பும் கேள்வியே முக்கியமானது. பணம் கொடுத்து வாங்கிய அட்டை. அதில் ஏற்கெனவே இருந்த திறன். அத்திறனை உயிர்ப்பித்தவன் கள்வனா? அவ்வாறாயின் வாங்கியோர் வாங்கியது எதனை? தகட்டையும் கம்பியையும் வாங்கினார்களேயன்றி, அவற்றை இயக்கும் அறிவை வாங்கவில்லை என்பதே நிறுவனத்தின் வாதத்திலிருந்து பெறப்படுவது. நிலத்தை விற்றுவிட்டுக் கிணற்றின் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்பவனை எங்கள் ஊரில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்பது வாசகர்க்குத் தெரியும். உடைமை என்பது விலையோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு கருவியின் உள்ளியல்பை அறியவும், பழுதுற்றால் திருத்தவும், திருத்திய முறையை அயலானுக்குச் சொல்லவும் உரிமையில்லாதவன் அக்கருவிக்கு உடையவன் அல்லன், குடியிருப்பவன்.

இக்கேள்வியை முதன்முதலில் உரத்துக் கேட்டவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1980ஆம் ஆண்டளவில் அவர் பணியாற்றிய ஆய்வுகூடத்துக்கு அச்சுப்பொறியொன்று நன்கொடையாக வந்தது. அது அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதனைத் திருத்தத் தேவையான மூலநிரல் தரப்படவில்லை. அந்நிரலைக் கையில் வைத்திருந்த ஓர் ஆய்வாளரிடம் கேட்டபோது, எவருக்கும் கொடுப்பதில்லை என்று வாக்குறுதி எழுதிக் கொடுத்துவிட்டதாக அவர் கைவிரித்தார். நன்கொடையாக வந்த பொறி, உள்ளே பூட்டு! எங்கள் தீவுக்கு மட்டும் உரிய அனுபவம் என்று நான் எண்ணியிருந்தது, செல்வம் மிக்க நாடொன்றின் புகழ்பெற்ற ஆய்வுகூடத்திலும் நிகழ்ந்திருக்கிறது. 1983இல் ஸ்டால்மன் க்னூ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1989இல் பொது உரிமம் வந்தது. எவரும் பயன்படுத்தலாம், கற்கலாம், திருத்தலாம், பகிரலாம்; ஆனால் பகிரும்போது தாம் பெற்ற அதே உரிமைகளைப் பெறுபவர்க்கும் கொடுக்கவேண்டும் என்பது அதன் சாரம். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகர மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அதுவும் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

லினக்ஸுக்கு ஒலி கிடைத்த வரலாறும் அறிந்துகொள்ளத்தக்கது. 1992இல் பின்லாந்தைச் சேர்ந்த ஹன்னு சவோலைனன், சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்குச் செலுத்தி எழுதினார். அது வளர்ந்து ‘திறந்த ஒலி அமைப்பு’ எனப் பெயர் பெற்றது. காலப்போக்கில் அதன் புதிய வளர்ச்சிகள் பல, மூலநிரல் மூடிய விலைப்பண்டங்களாக வெளிவரலாயின. பெயரில் திறப்பும் பொருளில் பூட்டும்! 1998இல் செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா, கனடிய நிறுவனமொன்றின் கிரேவிஸ் அட்டைக்காகத் தொடங்கிய முயற்சி வளர்ந்து அல்சா என்னும் புதிய ஒலி அமைப்பாயிற்று. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் கருவில் அதுவே பழையதன் இடத்தைப் பெற்றது. நான் ஓர் எழுத்தை அழுத்திப் பூட்டைத் திறந்த கருவி அதன் பகுதியே. 2007இல் சவோலைனனின் அமைப்பும் மீண்டும் மூலநிரலைத் திறந்தது. ஒரு நல்ல உழைப்பாளியின் பத்தாண்டு உழைப்பு, பூட்டிய காரணத்தால் பொதுவழியினின்றும் விலகிப்போயிற்று என்பதே இதில் நான் காணும் துயரம்.

தமிழ் படித்தவனுக்கு இக்கதை புதியதன்று. மூலநிரல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எனக்கு மூலபாடம் என்ற சொல்லே நினைவுக்கு வந்தது. ஏட்டுச்சுவடிகளைப் பரண்மீது பூட்டி வைத்துப் பிறருக்குக் காட்ட மறுத்தவர்கள் நம் முன்னோரிடையே இருந்தனர். தம் குடும்பச் சொத்தைக் காப்பதாகவே அவர்கள் நினைத்திருப்பர். காத்தது யாது? செல்லுக்கும் கறையானுக்கும் உணவைக் காத்தார்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடு தேடி அலைந்து, பாடம் ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அச்சேறிய அன்று அது ஒரு வீட்டின் சொத்தாயிருந்த நிலை ஒழிந்தது; அழியும் அச்சமும் ஒழிந்தது. பரம்பரை மருந்தைத் தம் மகனுக்குங்கூட முழுமையாகச் சொல்லாது இறந்த வைத்தியர்களின் கதைகளை ஒவ்வோர் ஊரும் வைத்திருக்கிறது. பொன்னைப் பகிர்ந்தால் குறையும். அறிவைப் பகிராதிருந்தால் அழியும். இரண்டையும் ஒரே விதமான உடைமையாகக் கருதுவதே தவறின் வேர்.

அந்த மாணவிக்கு வாசித்துக் காட்டும் குரலே இதற்குச் சான்று. ஈஸ்பீக் என்னும் அக்குரல்நிரலைத் தொடங்கியவர் ஜொனதன் டடிங்டன். 1995இல் வேறொரு வகைக் கணினிக்காக அவர் எழுதிய நிரல் பல மொழிகளுக்கு விரிந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. 2015ஆம் ஆண்டில் பல மாதங்களாக அவரிடமிருந்து எவ்விதச் செய்தியும் வராமையால், அதனைப் பயன்படுத்தியோரும் வளர்த்தோரும் கூடிப் பேசினர். மூலநிரல் திறந்திருந்தமையால் புதிய பெயரோடு பணியைத் தொடர்ந்தனர். அந்நிரல் பூட்டியதாக இருந்திருப்பின், ஒருவர் மௌனமாயின் உலகெங்கும் எத்தனையோ பார்வையற்றோரின் வாசிப்பும் மௌனமாகியிருக்கும்.

இனி, மறுப்புகளை நோக்குவோம். ஆக்கியோனுக்கு வயிறு இல்லையா என்பது முதலாவது மறுப்பு. உண்டு, அதனை மறந்து பேசுவது அறமாகாது. தச்சன் நாற்காலியை இலவசமாகத் தரவேண்டும் என்று நாம் சொல்வதில்லை. ஆயின், நாற்காலியை விற்ற தச்சன், கால் ஆடினால் வாங்கியவன் ஆணி அடிக்கலாகாது என்றும் சொல்வதில்லை. உழைப்புக்குக் கூலி கேட்பது வேறு. உழைப்பின் பயனை நிரந்தரமாகத் திறப்பிட்டு வைத்திருப்பது வேறு. மேலும், திறந்த மூலநிரல் எழுதுவோர் அனைவரும் துறவிகள் என்று எண்ணுவதும் பிழை. லினக்ஸ் கருவுக்கு இன்று எழுதுவோருட் பெரும்பாலோர் நிறுவனங்களில் ஊதியம் பெறுவோரே. அல்சாவை நீண்டகாலமாகப் பராமரித்து வரும் தக்காஷி இவாய், சூசே நிறுவனத்தின் ஊழியர். அறிவைத் திறந்து வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்த இயலும் என்பது நடைமுறையில் நிறுவப்பட்ட உண்மை.

அதே வேளையில் மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. பொதுவில் வைத்த உழைப்பை மூலதனம் எடுத்துத் தின்னாமல் விடுவதில்லை. கோடிக்கணக்கான கைத்தொலைபேசிகளின் அடியில் லினக்ஸ் கரு இருக்கிறது. அவற்றாற் பெருகும் இலாபம் கருவை எழுதியோர் அனைவரையும் சென்று சேர்வதில்லை. 2014இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் பாதுகாப்பு நிரலில் பெரும் ஓட்டையொன்று கண்டுபிடிக்கப்பட்டபோதுதான், உலக வாணிகமே நம்பியிருந்த அந்நிரலை விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் போதிய ஊதியமின்றிக் காத்து வந்தமை பலருக்கும் தெரியவந்தது. பொதுக்கிணற்றில் எல்லோரும் அள்ளலாம். ஆனால் குழாய் பூட்டி அள்ளுபவன் தூர்வாரவும் வரவேண்டும் அல்லவா? எனவே திறப்பு மட்டும் நீதி ஆகிவிடாது. நீதிக்கு அது முதற்படி.

இரண்டாவது மறுப்பு என்னை அதிகம் வருத்துவது. மூலநிரல் திறந்திருக்கிறது, சரி. அதனைப் படிக்கத் தெரிந்தவர் எழுவைதீவில் எத்தனை பேர்? எனக்கே தெரியாது. திறந்த நூலகம் எழுத்தறியாதவனுக்கு மூடிய நூலகமே. இதற்கு நம் சமூக வரலாற்றிலேயே ஒப்புமை உண்டு. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. பொது இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தல் ஆகாது என்பதே சட்டம். ஆயினும் பதினொரு ஆண்டுகளின் பின், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது. ஏட்டிலே திறந்த கதவு வீதியிலே திறப்பதற்கு மனித முயற்சி வேண்டும் என்பதை அப்போராட்டம் நமக்குக் கற்பித்தது. கணினியுலகின் திறந்த கதவுக்கும் இது பொருந்தும். அதன் முன்னால் ஆங்கிலம் ஒரு படி, ஓய்வுநேரம் ஒரு படி, துணிவு ஒரு படி. என்னிடம் ஓரளவு ஆங்கிலமும் இரண்டு ஓய்வான மாலைகளும் இருந்தமையால் அப்பெட்டி பேசிற்று. மீன் தரம்பிரிக்கும் தாயொருத்திக்கு அந்த இரண்டு மாலைகள் ஏது?

இங்கேதான் நன்கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகின்றது. போரின் பின் எம் தீவுகளுக்கு நன்கொடைகள் பல வந்தன. கொடுத்தவர்களின் நன்மனத்தை நான் குறைகூறவில்லை. ஆயின், உள்ளே பூட்டிய பொருளை நன்கொடையாகப் பெறுபவன், பழுதுற்ற அன்று மீண்டும் கையேந்துகிறான். திறந்த அறிவைப் பெறுபவனுக்கு அந்நிலை இல்லை. கொடுத்தவர் அதனைத் திருப்பிப் பெறவும் இயலாது. பெற்றவன் மறுநாளே கொடுப்பவனாக மாறவும் கூடும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கையின் இளைஞர்கள் சகானா என்னும் மென்பொருளை எழுதினர். திறந்த மூலநிரலின் மீது எழுதி, திறந்த மூலநிரலாகவே வெளியிட்டனர். பின்னர் பிற நாடுகளின் பேரிடர்களிலும் அது பயன்பட்டது. பெற்ற நாடு கொடுத்த நாடாயிற்று. அயலில் உள்ள கேரளம், 2001இல் தொடங்கிய பாடசாலைக் கணினித் திட்டத்தைப் பின்னர் கட்டற்ற மென்பொருளின் மீது நிறுத்தியது. ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் அதற்கெனப் பயிற்சி பெற்றனர். அங்கே படிகளைக் குறைத்தவர்கள் ஆசிரியர்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

நமக்கும் இவ்வறம் புதியதன்று. 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது, பற்றரிகளும் தடைசெய்யப்பட்டன. அக்காலத்தில் எம் குடும்பம் இடம்பெயர்ந்து குடாநாட்டில் இருந்தது. என் தந்தையார் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தில் வானொலி செய்தி சொல்லும். அயலார் சுற்றி அமர்ந்திருப்பர். கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். அடுத்தவர் எழுந்து சுழற்றுவார். ஜாம் போத்தலில் திரி விளக்கு எரிந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் வண்டி ஓடிற்று. இவற்றை முதலிற் கண்டுபிடித்தவர் யார்? ஒருவருக்கும் தெரியாது. எவரும் உரிமை கோரவில்லை. எவரும் அயலானிடம் மறைக்கவும் இல்லை. “எப்பிடிச் செய்தனீங்கள்?” என்று கேட்டவனுக்குச் செய்து காட்டினார்கள். ஒரு கிழமைக்குள் ஊரெங்கும் பரவிற்று. உலகச் செய்தி கேட்கும் உரிமையை அம்மக்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்று மீட்டனர். மூலநிரல், பொது உரிமம் என்ற சொற்களை அறியாமலே அவற்றின் அறத்தை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள்.

அந்தக் கண்டுபிடிப்பாளரின் பெயரை நான் அறியேன். எனக்குக் கைகொடுத்த ஆங்கிலக் குறிப்பை எழுதியவரின் பெயரையும் அறியேன். இருவருக்கும் நான் கடன்பட்டவன். பெயர் தெரியாதவர்க்குப் பட்ட கடனை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தல் இயலாது. நமக்குப் பின் வருபவரிடமே கொடுக்கலாம். எனவே, அறிவுக்கு உடையவன் யார் என்ற கேள்விக்கு நான் கண்ட விடை இது: விலை கொடுத்தவன் பாதி உடையவன், கற்றுத் திருத்தியவன் முக்கால் உடையவன், கற்றதைத் தன் மொழியில் அடுத்தவனுக்குச் சொன்னவனே முழுமையாக உடையவன். மறைத்துக் காப்பவன் இறுதியில் காவற்காரனாகவே எஞ்சுகிறான்.

நான் செய்தது மிகச் சிறிது. ஒலி வராவிடின் எவற்றை எந்த ஒழுங்கிற் பார்க்கவேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிக் கணினி அறைச் சுவரில் ஒட்டினேன். அட்டை பட்டியலில் உள்ளதா, ஒலி எவ்வழி செல்கிறது, வாய் பூட்டப்பட்டிருக்கிறதா. மூன்றே கேள்விகள். பிரதியெடுக்க விரும்புவோர் எடுக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம் என்று அடியில் எழுதினேன். அடுத்த கிழமையே ஒன்பதாந்தர மாணவன் ஒருவன் நான் விட்ட படியொன்றைப் பென்சிலால் எழுதிச் சேர்த்திருந்தான். எனக்கு அது பெருமகிழ்ச்சி தந்தது.

அந்த மாணவி இப்பொழுது மாலையில் ஒரு மணி நேரம் அக்கணினியின் முன் அமர்கிறாள். முதல் நாள் அந்த இயந்திரக் குரலைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, “சேர், உது எங்கட ஆக்கள் கதைக்கிற மாதிரி இல்லை. ஆனா விளங்குது” என்றாள். அக்குரலின் உச்சரிப்பு விதிகளும் திறந்தே இருக்கின்றன. எவரும் திருத்தலாம் என்று சொன்னேன். “அப்ப நான் திருத்தலாமோ?” என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு ‘ஆம்’ என்று ஓர் ஆசிரியன் உண்மையாகச் சொல்லக்கூடிய பொருள்கள் இவ்வுலகில் எத்தனை உள்ளன? அவற்றின் தொகையைப் பெருக்குவது பொறியியலாளரின் வேலை மட்டுமன்று. தமிழாசிரியர்களே, உங்கள் பாடசாலைகளிலும் வாய் பூட்டிய பெட்டிகள் இருக்கும். திறக்கும் வழியை அறிந்தால் எழுதி வையுங்கள். மாணவர்களே, சுவரில் ஒட்டிய தாளிற் பிழை கண்டால் பென்சிலை எடுக்கத் தயங்காதீர்கள்.